பழைய டீசல் லாரி ஹீட் ஆகுதா, இல்ல மீட்டர் பொய் சொல்லுதா? இன்ஜினைக் கழட்டுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதெல்லாம்

ஹீட் மீட்டர் முள்ளு சிவப்புக்குப் போன உடனே நேரா பட்டறைக்கு ஓட்டிட்டுப் போய் ஹெட்டை (சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி உக்காந்திருக்குற பாகம்) கழட்டுறவங்க நிறைய பேர். கழட்டிப் பாத்தா பேக்கிங் (ஹெட்டுக்கு அடியில இருக்குற கேஸ்கெட்) நல்லாத்தான் இருக்கும், கடைசில பாத்தா எர்த் ஒயர் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற ஒயர்) துருப்புடிச்சு கெடக்கும். இதுக்கு நேர் எதிரா "மீட்டர் எப்பவுமே இப்படித்தான் காட்டும், விடுங்க"ன்னு ஓட்டி ஹெட்ல கிராக் விட்டவங்களும் இருக்காங்க. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான், முள்ளு சொல்றது உண்மையான்னு யாரும் முதல்ல பாக்குறதில்ல. பழைய வண்டில ஹீட் கம்ப்ளைண்டும் ஒயரிங் கம்ப்ளைண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வேஷம் போட்டுட்டு வரும், அதனாலதான் ரெண்டையும் சேத்தே எழுதுறேன்.

நான் மனசுல வச்சு எழுதுற வண்டி 697 இன்ஜின் போட்ட பழைய டாடா லாரி. ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரோட உள் அகலம்), அதான் 697. 5675 சிசி, மெர்சிடஸோட ஓஎம் 352 இன்ஜின் வழில வந்தது, டீசலை அழுத்தி அனுப்புறது மெக்கானிக்கல் லைன் பம்ப்பு, கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. டாடா 407 வண்டில இருக்குற 497 இன்ஜினும் அதே கணக்குதான், நாலு சிலிண்டர் அதே 97 போர். பழைய லெய்லாண்டுக்கும் சொல்றதுல முக்கால்வாசி பொருந்தும். காமன்ரெயில் (கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடுற புது இன்ஜின்) வண்டி வச்சிருக்கவங்க இதை வச்சு கை வைக்காதீங்க, அது வேற உலகம்.

ரோட்டுல ஹீட் ஆனா என்ன பண்றது

இதை சுருக்கமா சொல்லிடுறேன். தொப்பூர் ஏத்தத்துலயோ திம்பத்தோட 27 வளைவுலயோ முள்ளு ஏறுதுன்னா, ஓரங்கட்டி நியூட்ரல்ல போட்டு, ஐடிலைவிட கொஞ்சம் கூட ரேஸ் வச்சு ஓட விடுங்க, பேன் சுத்தி தண்ணி ஓடி தானா இறங்கணும். டக்குனு ஆஃப் பண்ணா ஹெட்ல இருக்குற சூடு போக வழியில்லாம அங்கயே நின்னு இன்னும் ஏறும். ஆனா பெல்ட் அறுந்திருந்தாலோ ரேடியேட்டர் ஓஸ் (ரப்பர் குழாய்) வெடிச்சு தண்ணி எல்லாம் கொட்டியிருந்தாலோ உடனே ஆஃப் பண்ணிருங்க, அப்ப ஓட விடுறதுல அர்த்தமே இல்ல. ரேடியேட்டர் மூடியை சூட்டோட திறக்காதீங்க, எத்தனை டிரைவர் முகத்துல கையில வெந்த தழும்போட திரியிறாங்கன்னு பாத்தாலே போதும். ஓஸை அமுக்கிப் பாத்து தொளதொளன்னு ஆனப்புறம் துணி போட்டு மெதுவா திறங்க. உள்ள பச்சத் தண்ணியை மடமடன்னு ஊத்தாதீங்க, இன்ஜினை ஓட விட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்.

முதல் வேலை: முள்ளைச் சோதிக்கிறது

தேவைப்படுறது ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், முடிஞ்சா ஒரு இன்ஃப்ராரெட் டெம்பரேச்சர் கன். கன் இப்ப சல்லிசா கிடைக்குது, ஒரு தடவை ஹெட் இறக்குற கூலிக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. பளபளன்னு இருக்குற அலுமினியம், பித்தளை மேல நேரா அடிச்சா கன் கம்மியா காட்டும், அதனால தெர்மோஸ்டாட் (தண்ணி சூடானப்புறம் ரேடியேட்டருக்கு வழி திறக்குற வால்வு) ஹவுசிங் மேல கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி அது மேல அடிங்க.

இன்ஜின் நல்லா சூடானப்புறம் ஹவுசிங்ல 80லருந்து 95 டிகிரிக்குள்ள காட்டுது, உள்ள மீட்டர் மட்டும் சிவப்புல நிக்குதுன்னா உங்க பிரச்சினை ஒயரிங், இன்ஜின் இல்ல. கன்னும் 105, 110னு காட்டுதுன்னா முள்ளு உண்மை பேசுது, அப்ப கீழ இருக்குற ஹீட் பகுதிக்குப் போங்க.

முள்ளு பொய்யின்னா எங்க பொய்யின்னு கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம்தான். சாவியை ஆன்ல வைங்க, இன்ஜின் ஸ்டார்ட் பண்ண வேணாம். ஹெட்ல இருக்குற டெம்பரேச்சர் சென்சார்ல இருந்து ஒயரைக் கழட்டுங்க. முள்ளு அடியில கோல்டுக்கு விழணும். இப்ப அந்த ஒயர் முனையை இன்ஜின் பிளாக்ல ஒரே ஒரு நொடி தொட்டு எடுங்க, முள்ளு மேல ஏறணும். ரொம்ப நேரம் புடிச்சுட்டு நிக்காதீங்க, சில மீட்டர் உள்ள சுருள் வெந்துடும். ரெண்டும் சரியா நடந்தா மீட்டரும் ஒயரும் நல்லா இருக்கு, சென்சார் போயிருக்கு. ஒயரைக் கழட்டியும் முள்ளு மேலயே நிக்குதுன்னா ஒயர் வழியில எங்கயோ தோல் உரிஞ்சு பாடியில தொடுது, பெரும்பாலும் பயர்வால் ஓட்டைல ரப்பர் கிராமெட் போன இடத்துலயோ இல்ல மேனிபோல்டு பக்கம் உருகிப் போன இடத்துலயோ இருக்கும். பிளாக்ல தொட்டும் முள்ளு அசையலன்னா ஒயர் நடுவுல கட், இல்ல மீட்டருக்கு சப்ளையே வரல. ரெண்டு முனை உள்ள சென்சாரா இருந்தா ஒண்ணு மீட்டருக்கு, இன்னொண்ணு வார்னிங் லைட்டுக்கோ பஸ்ஸருக்கோ போகும், மாத்தி மாட்டிட்டு குழம்புறது சகஜம்.

சென்சார் உள்ள இருக்குறது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையிற சாதனம். அதுக்கு எர்த் தன்னோட மரை வழியாத்தான் இன்ஜினுக்குப் போகுது. லீக் ஆகக் கூடாதுன்னு மரைல டெஃப்லான் டேப்பை சுத்து சுத்துன்னு சுத்தி மாட்டுறாங்க பாருங்க, அதோட எர்த் கெட்டு முள்ளு எப்பவும் கம்மியா காட்டும். இன்ஜின் வெந்தாலும் முள்ளு பச்சைலயே சுகமா நிக்கும், இது மேல காட்டுறதைவிட ஆபத்து. ஒரு செப்பு வாஷர் போதும், டேப் வேணாம். சென்சார் மாத்துறப்ப பழசோட நம்பர் பாத்து அதே வகை வாங்குங்க, மரை பொருந்துதுன்னு எதையாவது வாங்கி மாட்டினா ரெசிஸ்டன்ஸ் கணக்கு வேறயா இருந்து முள்ளு வாழ்நாள் முழுக்க தப்பாவே காட்டும்.

இன்னொண்ணு, இதை நெறைய பேர் நம்ப மாட்டாங்க. தண்ணி அளவு சென்சாருக்குக் கீழ இறங்கிட்டா அது வெறும் ஆவியிலயும் காத்துலயும் நிக்குது, அப்ப முள்ளு இறங்கவும் செய்யும். ஏறிட்டு இருந்த முள்ளு திடீர்னு கீழ வந்து அதே நேரம் வண்டி இழுவை கொறஞ்சா சந்தோஷப்படாதீங்க, நிறுத்தி தண்ணி பாருங்க.

எர்த்: பழைய வண்டியோட பாதி நோய் இங்கதான்

ஹெட்லைட் போட்டா ஹீட் முள்ளு ஆடுது, இண்டிகேட்டர் போட்டா டீசல் முள்ளும் சேந்து துள்ளுது, பிரேக் அமுக்குனா பார்க்கிங் லைட் மங்குது. இதெல்லாம் தனித்தனி கம்ப்ளைண்ட் இல்ல, எர்த் ஒண்ணுதான். டீசல் மீட்டரும் ஹீட் மீட்டரும் ஒரே மாதிரி சேந்து தப்பா காட்டுனா சென்சாரைத் தேடாதீங்க, ரெண்டு சென்சார் ஒரே நாள்ல சாகாது, ரெண்டுக்கும் பொதுவா இருக்குற மீட்டர் போர்டு எர்த்தையும் சப்ளையையும் பாருங்க. சில போர்டுல மீட்டர்களுக்குன்னு ஒரு குட்டி வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும், அது கெட்டாலும் எல்லா முள்ளும் சேந்துதான் தப்பும்.

பெரிய எர்த் மூணு இருக்கு. பேட்டரி நெகட்டிவ்ல இருந்து சேஸிஸுக்கு, சேஸிஸ்ல இருந்து இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ, அப்புறம் கேபினுக்கு. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல உக்காந்திருக்கு, ரப்பர்ல கரண்ட் போகாது, அதனால அந்த நடு எர்த் பட்டை இல்லாம செல்ஃப் மோட்டாருக்கு சரியான வழியே இல்ல. கிளட்ச் வேலைக்கு கியர்பாக்ஸ் இறக்கிட்டு திரும்ப ஏத்துறப்ப அந்தப் பட்டையை மாட்ட மறந்துட்டா என்னாகும்? வண்டி ஸ்டார்ட் ஆகும், அதான் கொடுமை. செல்ஃப் இழுக்குற நூத்துக்கணக்கான ஆம்பியர் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாவும் ஸ்பீடாமீட்டர் கேபிள் வழியாவும் சேஸிஸுக்குத் திரும்பும். ஆக்சிலேட்டர் கேபிள் அடிக்கடி இறுகுது, ஸ்லீவ் உருகுது, தொட்டா சுடுதுன்னா கேபிளை மாத்திட்டே இருக்காதீங்க, எர்த் பட்டையைத் தேடுங்க.

கண்ணால பாத்து எர்த் நல்லா இருக்குன்னு சொல்லவே முடியாது. மேல டைட்டா இருக்கும், லக்குக்கு (ஒயர் முனைல இருக்குற வளையம்) அடியில பெயிண்டும் துருவும் இருக்கும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, ஒரு புரோபை பேட்டரி நெகட்டிவ் முனையிலயே வைங்க, கிளாம்ப்புல இல்ல, முனையில. இன்னொண்ணை இன்ஜின் பிளாக்ல சுத்தமான இடத்துல. ஸ்டாப் கேபிளை (டீசலை நிறுத்துற கேபிள்) இழுத்து வச்சுட்டு ஒரு ஆளை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்குக் கீழ காட்டுனா சரி, ஒரு வோல்ட்டைத் தாண்டுச்சுன்னா எர்த் பாதை போச்சு. அப்புறம் ஒரு புரோபை நகத்தி நகத்தி, கிளாம்ப், சேஸிஸ், பட்டைக்கு முன்னாடி, பின்னாடின்னு வச்சுப் பாத்தா எந்த ஜாயிண்ட்ல வோல்ட் எகிறுதோ அதான் குற்றவாளி. பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி, பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட்டுக்கும் நடுவுல பாருங்க. ரெசிஸ்டன்ஸ் மோட்ல வச்சு பீப் சத்தம் கேக்குதுன்னு திருப்திப்படாதீங்க, நூறு இழை கேபிள்ல ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும்.

சரி பண்றது லேசு. கழட்டி, எமரி அடிச்சு உலோகம் பளிச்சுனு தெரியிற வரைக்கும் தேய்ச்சு, ஸ்டார் வாஷர் போட்டு டைட் பண்ணி மேல கிரீஸோ வாஸ்லினோ பூசுங்க. கேபினுக்குத் தனியா ஒரு தடி எர்த் ஒயர் போடுங்க, பழைய வண்டில கேபின் மவுண்டிங் துருப்புடிச்சு கேபின் எர்த் அரைகுறையாத்தான் இருக்கும்.

உண்மையிலயே ஹீட்டுன்னா

எப்ப ஹீட் ஆகுதுங்கறதுலயே பாதி பதில் இருக்கு. டோல்கேட்ல, டிராபிக்ல நிக்கிறப்ப ஏறி ஓட ஓட இறங்குதுன்னா காத்து பத்தல, பேன், பெல்ட், பேனைச் சுத்தி இருக்குற கூடு. சமதளத்துல நல்லா இருந்து லோடோட ஏத்தத்துல மட்டும் ஏறுதுன்னா ரேடியேட்டர் அடைப்பு, தண்ணி ஓட்டம் கம்மி. காலைல ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துலயே, இன்ஜின் இன்னும் சூடாகாதப்பவே மேல் ஓஸ் கல்லு மாதிரி இறுகுதுன்னா ஹெட் பேக்கிங் சந்தேகம். திடீர்னு ஏறி அதே நேரம் சார்ஜ் லைட்டும் எரிஞ்சா பெல்ட் போச்சு, ஏன்னா பெரும்பாலான பழைய வண்டில வாட்டர் பாடியையும் (தண்ணி பம்ப்பு) டைனமோவையும் (பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர்) அதே பேன் பெல்ட்தான் சுத்துது. இந்த ஒரு விஷயத்துக்காகவே சார்ஜ் லைட் பல்பு உயிரோட இருக்கணும், சாவி போட்டா எரியுதான்னு தெனம் பாருங்க.

கன்னை எடுத்து ரேடியேட்டர் மேல் டேங்க்லயும் கீழ் டேங்க்லயும் அடிங்க. மேல கொதிக்குது, கீழ ரொம்ப கம்மியா இருக்குன்னா தண்ணி ஓடல: தெர்மோஸ்டாட் முழுசா திறக்கல, ரேடியேட்டர் கோர் (டியூபெல்லாம் இருக்குற நடுப் பகுதி) உள்ள உப்பு அடைச்சிருக்கு, இல்ல வாட்டர் பாடியோட இம்பெல்லர் தேஞ்சுடுச்சு. மேலயும் கீழயும் கிட்டத்தட்ட ஒரே சூடுன்னா தண்ணி ஓடுது, ஆனா சூட்டை வெளிய விட முடியல, அப்ப பின்ஸ் நடுவுல வைக்கோல், மண்ணு, ஆயில் பிசுக்கு. இன்ஜின் பக்கத்துல இருந்து வெளிய பாத்து தண்ணி அடிச்சுக் கழுவுங்க, முன்னாடியில இருந்து அடிச்சா குப்பை இன்னும் உள்ள போய் உக்காரும். கோர் மேல கன்னை வரிசையா அடிச்சா நடுநடுவுல குளிர்ந்த திட்டுகள் தெரியும், அந்த டியூபெல்லாம் அடைச்சதுன்னு அர்த்தம்.

நாமக்கல், சேலம் பக்கம் போர் தண்ணி உப்புன்னு எல்லாருக்கும் தெரியும். பங்க்ல குழாய்ல இருந்து புடிச்சு ஊத்துற அந்தத் தண்ணிதான் கோர் உள்ள சுண்ணாம்பா படியுது. நம்ம ஊர்ல பனி கிடையாது, கூலண்ட் எதுக்குங்கறாங்க. உறையாம இருக்குறதுக்கு இல்ல, துரு புடிக்காம இருக்குறதுக்கும் கொதிநிலை கூடுறதுக்கும்தான். கூலண்ட் ஊத்த மனசில்லன்னா குறைஞ்சது மழைத்தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ துரு தடுக்குற மருந்தோட ஊத்துங்க.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிக்கிறதில்ல, அது வெறும் மூடி இல்ல, பிரஷர் வால்வு. அரை பார் பிரஷர் புடிச்சாலே தண்ணி 100க்குப் பதிலா 111 டிகிரி கிட்ட போய்த்தான் கொதிக்கும். ஸ்பிரிங் செத்து ரப்பர் வெடிச்ச மூடியோ, டீக்கடை மூடி மாதிரி எதையோ திணிச்சதோ இருந்தா நல்ல இன்ஜினும் ஏத்தத்துல தண்ணி கக்கும். மூடில ரெண்டாவதா ஒரு குட்டி வால்வு இருக்கு, ஆறுறப்ப உள்ள காத்து இழுக்குறது. அது அடைச்சா வண்டி ஆறுனதும் ஓஸ் சப்பிப் போய் நிக்கும். கீழ் ஓஸ் ரேஸ் கொடுக்குறப்ப மட்டும் சப்பினா அது வேற, ஓஸ் நஞ்சு போச்சு, இல்ல கோர் அடைப்பு.

பெல்ட்டை நடுவுல கட்டைவிரலால அமுக்குனா ஒரு விரல் தடிமன் அளவு இறங்கணும். ரெண்டு பெல்ட் ஓடுற வண்டில ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க, புதுசுதான் மொத்த லோடும் இழுக்கும். வாட்டர் பாடிக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல தண்ணி சொட்டுனா உள்ள சீல் போச்சுன்னு பாடி சொல்லுது, எம்சீல் வச்சு அடைக்கிறவங்களை என்ன சொல்றதுன்னே தெரியல.

தெர்மோஸ்டாட் விஷயத்துல எனக்கு கொஞ்சம் கோவம் உண்டு. ஹீட் ஆகுதுன்னு போனா முதல்ல அதைக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டு "இனி வராதுங்ணா"ன்னு சொல்லி அனுப்புற பழக்கம். அது இல்லாம ஓடுனா காலி வண்டில இன்ஜின் வேலை சூட்டுக்கே வராது, டீசல் சரியா எரியாம சிலிண்டர் சுவத்துல இருக்குற ஆயிலைக் கழுவும், ஆயில் கெடும், போர் தேயும், மைலேஜ் குறையும். அதவிட, பைபாஸ் வழியை மூடுற தட்டு உள்ள தெர்மோஸ்டாட்டா இருந்தா, அதைக் கழட்டுனதும் பைபாஸ் எப்பவும் திறந்தே இருக்கும், தண்ணில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்தி லோடுல இன்னும் ஹீட் ஆகும். சந்தேகமா இருந்தா சோதிச்சுப் பாருங்க, பாத்திரத்துல தண்ணி வச்சு நூல்ல கட்டித் தொங்கவிட்டு தெர்மாமீட்டரோட சூடு பண்ணுங்க. அது மேலயே எத்தனை டிகிரின்னு அடிச்சிருக்கும், பெரும்பாலும் 80 ஒட்டி, அந்த இடத்துல திறக்க ஆரம்பிச்சு கொதிக்கிறதுக்கு முன்னாடி முழுசா திறக்கணும். இல்லன்னா புதுசு வாங்குங்க, பெரிய காசு இல்ல.

இதெல்லாம் சரியா இருந்தும் ஏறுதுன்னா பிரேக் புடிச்சுட்டு ஓடுதான்னு பாருங்க, வண்டியை நிறுத்துனதும் ஒவ்வொரு ஹப்பா கன் அடிச்சா ஒண்ணு மட்டும் எகிறி நிக்கும். ஏர் கிளீனர் அடைப்பு, கரும்புகை, டீசல் பம்ப்பு டைமிங் லேட், பவருக்காக டீசல் கூட்டி வச்சது எல்லாம் ஹீட்டைக் கூட்டும், ஆனா பம்ப்பை லேபுக்கு அனுப்புறது கடைசி வேலையா இருக்கட்டும்.

ஹெட் பேக்கிங்கா?

ஆறுன இன்ஜின்ல மூடியைத் திறந்து தண்ணி விளிம்பு வரைக்கும் ஊத்தி ஸ்டார்ட் பண்ணுங்க. முதல்ல ரெண்டு மூணு குமிழி வரும், அது மாட்டியிருந்த காத்து. நிக்காம வந்துட்டே இருந்து ரேஸ் கொடுத்தா அதிகமானா எரிஞ்ச காத்து தண்ணிக்குள்ள போகுது. எந்த சிலிண்டர்னு பாக்க, ஐடில்ல ஓட விட்டு நாசிலுக்கு (சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சுறது) போற பைப் நட்டை ஒவ்வொண்ணா லேசா தளத்தி டீசலை நிறுத்தலாம், எதுல குமிழி கொறையுதோ அதான். தளத்துறப்ப மேல துணி போத்துங்க, கை விரலை ஜாயிண்ட் கிட்ட கொண்டு போகவே கூடாது, அந்தப் பிரஷர்ல வர்ற டீசல் தோலைக் குத்தி உள்ள இறங்கிடும், அப்படி ஆனா சின்னக் காயமா தெரிஞ்சாலும் நேரா ஆஸ்பத்திரிதான். டிப் ஸ்டிக்ல ஆயில் பாலாடை நிறத்துல இருந்தா பேக்கிங்னு உடனே முடிவு பண்ணாதீங்க, ஆயில் கூலர் ஓட்டையானாலும் அதே நிறம்தான். ஹெட் இறக்குனா தளம் நிமிர்ந்து இருக்கான்னு ஸ்கேல் வச்சுப் பாத்து, கிராக்குக்கு பிரஷர் டெஸ்ட் பண்ணாம திரும்ப ஏத்தாதீங்க.

சார்ஜிங், பேட்டரி, அந்த டேப் ரெக்கார்டர்

முதல்ல உங்க வண்டி 12ஆ 24ஆன்னு பாருங்க. ரெண்டு பேட்டரி இருந்தா மட்டும் 24னு இல்ல, ஒண்ணோட பாசிட்டிவ் இன்னொண்ணோட நெகட்டிவுக்குப் போனாத்தான் 24. நைட்டு நிறுத்தி வச்ச வண்டில நல்ல பேட்டரி ஒவ்வொண்ணும் 12.6 பக்கம் காட்டணும். ஓடுறப்ப கொஞ்சம் ரேஸ்ல 12 வோல்ட் வண்டின்னா 13.8லருந்து 14.4, 24ன்னா அதோட ரெட்டிப்பு, 27.6லருந்து 28.8 வரைக்கும். அதுக்கு மேல போனா ரெகுலேட்டர் போயிருக்கு, பல்பு பல்பா அடிக்கும், பேட்டரி தண்ணி வத்தும்.

24 வண்டில ஒரு பேட்டரி மட்டும் அடிக்கடி சாகுதா? ரெண்டையும் தனித்தனியா அளந்து பாருங்க. முக்கால்வாசி இடத்துல பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் 12 வேணும்னு ஒரு பேட்டரில இருந்து மட்டும் ஒயர் இழுத்திருப்பாங்க. அந்த ஒரு பேட்டரி காலியாகும், டைனமோ ரெண்டையும் ஒண்ணா நினைச்சு சார்ஜ் ஏத்தும், காலியானது நிறையாது, மத்தது தேவைக்கு மேல ஏறி கொதிக்கும். புது பேட்டரி போட்டாலும் இதே கதைதான். 24ல இருந்து 12க்கு மாத்துற கன்வெர்ட்டர் ஒண்ணு போட்டு ரெண்டு பேட்டரி மேலயும் சமமா லோடு வர மாதிரி எடுங்க, பிரச்சினை அதோட முடிஞ்சது.

பாடி கட்டுற இடத்துல போடுற சீரியல் லைட், ஏர் ஹாரன், எக்ஸ்ட்ரா லேம்ப் எல்லாத்தையும் கைக்கு எட்டுன ஒயர்ல தோல் சீவி முறுக்கி டேப் சுத்தியிருப்பாங்க. வெயில்ல டேப் பசை இளகி அவுந்து, மழைக்கு ஷார்ட் ஆகும். ஒவ்வொரு எக்ஸ்ட்ராவுக்கும் தனி பியூஸ், தனி ரிலே. 24ல ரெண்டு 75 வாட் ஹெட்லைட் 6 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும், அதே 12ல ரெண்டு 60 வாட் பல்பு 10 ஆம்பியர், ஒயர் தடிமனை அதுக்கேத்த மாதிரி பாத்துப் போடுங்க. பியூஸ் போச்சுன்னு சிகரெட் பாக்கெட் ஜிகினா பேப்பர் சுத்துறதும் செப்பு ஒயர் கட்டுறதும் வேணாம், அப்புறம் பியூஸுக்குப் பதிலா ஒயர்தான் எரியும், ஒயர் எரிஞ்சா கேபின்.

அடிக்கடி பியூஸ் போற சர்க்யூட்டுக்கு, பியூஸ் இடத்துல ஒரு பல்பை மாட்டுங்க. ஷார்ட் இருக்குற வரை பல்பு நல்லா எரியும், ஹார்னஸை ஒவ்வொரு இடமா ஆட்டிட்டே போங்க, எங்க ஆட்டுறப்ப பல்பு மங்குதோ இல்ல மினுக்குதோ அங்க டேப்பைப் பிரிங்க.

ஒண்ணு சொல்லிடுறேன், மெக்கானிக்கல் பம்ப்பு இன்ஜின் ஓட ஆரம்பிச்சா அதுக்கு கரண்ட் தேவையில்ல. ஓடிட்டு இருந்த வண்டி தானா நின்னா ஒயரிங்கைத் திட்டாதீங்க, டீசல் லைன்ல காத்து, பில்டர் அடைப்புன்னு அந்தப் பக்கம் பாருங்க. ஸ்டாப் கேபிளுக்குப் பதிலா எலக்ட்ரிக் ஸ்டாப் சோலினாய்டு உள்ள வண்டி மட்டும் விதிவிலக்கு.

நைட்டு நிறுத்துனா காலைல பேட்டரி டவுன்னா, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழட்டி, முனைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவுல முதல்ல டெஸ்ட் லேம்ப் வைங்க. நல்லா எரிஞ்சா பெரிய கசிவு, எரியலன்னா மல்டிமீட்டரை 10 ஆம்பியர் குழில வச்சு அளங்க. இந்த நிலைல மறந்தும் செல்ஃப் அடிக்காதீங்க, மீட்டர் புகையும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டில கிட்டத்தட்ட ஒண்ணுமே ஓடக் கூடாது, பாட்டுப் பெட்டி மெமரிக்கு சில மில்லி ஆம்பியர் இருந்தா பரவாயில்ல. அதிகமா இருந்தா பியூஸை ஒவ்வொண்ணா உருவுங்க, எதை உருவினா விழுதோ அந்த லைன். எல்லா பியூஸையும் உருவியும் குறையலன்னா டைனமோவோட தடி ஒயரைக் கழட்டிப் பாருங்க, உள்ள டயோடு போயிருந்தா ராத்திரி முழுக்க பின்னாடி கசியும். விடிகாலைல இன்ஜின் ஜில்லுன்னு இருக்கப்ப டைனமோ மேல கை வச்சா அது மட்டும் வெதுவெதுன்னு இருக்கும்.